பன்னீரில் தோய்ந்த ட்வீசர்

ட்வீசரைக் கழுவவில்லை. நடந்த தப்பு அவ்வளவுதான்.

ஆலடிப்பேட்டையில் அதைத் தப்பு என்று சொல்ல ஒரு நாக்கும் புரளவில்லை. கிரகக் கோளாறு என்றார்கள். திருஷ்டி என்றார்கள். பிறகு, வெட்கமே இல்லாமல், வரம் என்றார்கள். வைகாசி கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள், மேல ரத வீதி ரூபகலா அழகு நிலையத்தில், காலை ஆறு மணி தொடங்கிச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும், ஒரே சாய்வு நாற்காலியில் ஒன்பது பெண்கள், ஒருத்தி எழுந்த சூடு ஆறுமுன் அடுத்தவள் என்று படுத்து எழுந்தார்கள். ஒன்பது பேருக்கும் இமையில் கொத்துக் கொத்தாகப் பொய்முடி ஒட்டியது ஒரே ட்வீசர். அந்த ட்வீசர் ஒருத்தி கண்ணிலிருந்து அடுத்தவள் கண்ணுக்குப் போகிற வழியில் முங்கி எழுந்தது ஸ்பிரிட்டில் இல்லை, பன்னீரில்.

பன்னீரை ஊற்றியது முதலாளியம்மா பிரேமகுமாரி. கடைக்குள் கால் வைத்தால் கல்யாண வீட்டு வாசம் வர வேண்டுமாம். ஸ்பிரிட் ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துகிறதாம். ஜாடியைச் சாக்கடையில் கொட்டிக் கவிழ்த்து, பன்னீர் நிரப்பி, மேலே நாலு ரோஜா இதழையும் மிதக்க விட்டுவிட்டாள். கருவிகளைச் சுட வைக்க ஒரு பெட்டி இருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கி, முடியை நேராக்குகிற இரும்பைச் சொருகியாயிற்று. பெட்டிக்குள் ஹேர்பின்களும் பாதி தின்ற முறுக்குப் பொட்டலமும் கிடந்தன.

வேலை பார்த்தவள் ஒருத்தி. இமை ஒட்டுகிறவள் என்பதால் ஊர் அவளை இமைக்காரி என்றது. பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து கடைசிக்கு முந்தின பஸ்ஸில் போகிறவள், இருபத்தெட்டு வயது, பேச்சுக் கம்மி. பெயர் கேட்டவர் கிடையாது. அவளும் சொன்னது கிடையாது.

தெரியாமல் செய்தாளா என்றால் அதுவும் இல்லை. மதுரையில் நாலு மாசம் படித்தவள். கற்றுக்கொடுத்த அம்மா, கையைக் கழுவு, பிறகு கருவியைக் கழுவு, சோப்புப் போட்டுக் கழுவி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுச் சூட்டில் வை, பசையை இரண்டு நாள் முன்னாடியே காது மடலுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார், கண்ணில் நோவு உண்டா என்று வாயைத் திறந்து கேள், பிரஷ் ஒருத்திக்கு ஒன்று, வேலை முடிந்ததும் குப்பைக்கு, கண் சிவந்தால் கல்யாணமே நின்றாலும் நிறுத்து, நாற்காலியில் படுத்தவள் யார் என்பதையும் படுத்துக்கொண்டு சொன்னதையும் உன்னோடு புதைத்துக்கொள் என்று தினமும் காலையில் பாராயணம் மாதிரிச் சொல்ல வைத்தாள். இமைக்காரி அத்தனையையும் தலைகீழாகச் சொல்லுவாள். அன்றைக்கு ஒன்பது தடவை பன்னீரில் முக்கினாள். முதல் தடவை மட்டும் முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அத்தோடு சரி. மதுரைப் பாடத்தில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒரே பகலில் தின்று தீர்த்தாள்.

மறுநாள் நடந்தது இது. அந்த ஒன்பது பேரில் ஒருத்திக்கு அழுகை வந்தால், கண்ணீர் அவள் கண்ணில் வரவில்லை. அவளுக்கு அடுத்து அந்த நாற்காலியில் படுத்தவளின் கண்ணில் வந்தது.

ஆறாவதாகப் படுத்தவள் சுடர்க்கொடி. அவளுக்குத்தான் மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை வைரவன், கயத்தாறு பக்கம் காற்றாலையில் வேலை, நல்ல பிள்ளை, அவளுக்குப் பிடித்துப்போய்த்தான் சரி என்றாள். தாலி ஏறியது. குடும்பத்தோடு போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா சொள்ளமுத்து மகனிடம் ஏதோ முணுமுணுத்தார். மறு விநாடி பெண்ணின் இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டியது. உதடு சிரிக்கிறது, கண் கொட்டுகிறது. பெண் பிள்ளை, அப்பா வீட்டை விட்டுப் போகிறாள், அழத்தானே செய்வாள் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மை கரைந்து மாலையில் சொட்டியது.

புகுந்த வீட்டிலும் நிற்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு பாட்டம், மத்தியானம் மூன்றரைக்கு ஒரு பாட்டம், சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு பாட்டம். அவளுக்கு மனசில் ஒரு துளி வருத்தம் இல்லை. வைரவனோடு தாயம் ஆடிக்கொண்டிருப்பாள், காய் வெட்டியதற்குக் கெக்கலி கொட்டிச் சிரிப்பாள், சிரிக்கும்போதே கன்னம் நனையும். நாலாம் நாள் மாமியார் ஆவுடையம்மாள் பெட்டியைக் கட்டச் சொன்னாள். மனசில் வேறு எவனையோ வைத்துக்கொண்டு வந்தவள்தான் வேளை தவறாமல் இப்படி அழுவாள் என்று சாதிசனத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். வைரவன் குறுக்கே பேசினான். அப்பாவைப் பார்த்தான். அப்பா சுவரைப் பார்த்தார். சுடர்க்கொடி அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்; இவளை ஆடி கழிந்து திரும்பக் கூப்பிடப் போவதில்லை, ஆனி கடைசி நாள் வந்து பேசி அறுத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அழாத குற்றத்துக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை. கழுவாத குற்றத்துக்கு யார் வாழ்க்கையும் இல்லை.

கண்ணீர் இடம் மாறுகிற சங்கதியைக் கண்டுபிடித்தது பூரணம், தபால்காரி. ஒன்பதில் அவள் எட்டாவது. தபாலாபீஸில் மேலதிகாரி அவளை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏசினார். நெஞ்சு அடைத்தது, கண் வறண்டு கிடந்தது. அதே பதினொன்றரை மணிக்கு மார்க்கெட்டில் ஏட்டையா வீட்டம்மா, வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், வெண்டைக்காயின் மேலேயே கொட்டினாள். அந்தம்மா ஒன்பதாவது. இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயடியில் நேரத்தை ஒத்துப் பார்த்தார்கள். அடுத்த தடவை ஏச்சு வாங்குகையில் பூரணம் போன் போட்டுக் கேட்டாள். ஆமா மைனி, இப்பதான் ஆரம்பிச்சிருக்கு, தோசை தீயுது என்றாள் அந்தம்மா.

சங்கதி ஊருக்குத் தெரிந்தது. வேறு ஊராக இருந்தால் பயந்திருக்கும். ஆலடிப்பேட்டை கணக்குப் போட்டது. பெண்டாட்டி அழாத வீடு எவ்வளவு நிம்மதி என்று புருஷன்மார் கண்டுகொண்டார்கள். என்ன சொன்னாலும் கண் கலங்காமல் நிற்கிறாளாம், பிறகு என்ன, இன்னும் கொஞ்சம் சொல்லலாம். மாமியார்கள் மருமகள்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ரூபகலாவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் பரீட்சைக்கு முன்னால் அழுகிற சின்ன டீச்சர்களை வரிசையில் அனுப்பினாள். பெண் பார்க்க வருகிறவர்கள், பெண் அழுமா, இமை ஒட்டியாயிற்றா என்று காபி ஆறுமுன்னே கேட்டார்கள். இப்படி யாரோ ஒருத்தியின் அழுகை ரேஷன் கடையிலும், இன்னொருத்தியின் அழுகை தறிக்கூடத்திலும், மற்றொருத்தியின் அழுகை சீட்டுக் கம்பெனி வாசலிலும் கொட்டிக்கொண்டிருக்க, ஊர் அதைத் தாண்டி, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கின தெருவைத் தாண்டுகிற மாதிரிச் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. எவளாவது நடுத்தெருவில் அழுதால் என்ன ஏது என்று கேட்கிற வழக்கமே ஒழிந்தது. அது அவ அழுகை இல்லையே என்பார்கள். சரிதான். அப்படியானால் யாருடைய அழுகை என்று கேட்கிறவன் எங்கே?

பிரேமகுமாரி ட்வீசரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் குங்குமம் வைத்தாள். கடைசியாகப் படுத்தவளின் கண்ணீர் அடுத்த ஆள் இல்லாததால் ட்வீசரிலேயே ஊறியது. அடியில் வைத்த பஞ்சு எந்நேரமும் நனைந்திருந்தது. அதைப் பிழிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. அதில் மூன்று பேருக்குக் கண் பீளை கட்டி மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. அதற்கும் பன்னீரையே மருந்தாக விடச் சொன்னாள் அந்தப் புண்ணியவதி. இமைக்காரி அந்த ட்வீசரை இனிமேல் தொட மாட்டேன் என்றதும், தானே எடுத்துத் தன் கையால் ஒட்ட ஆரம்பித்தாள். ஆனி பாதிக்குள் ஒன்பது நாற்பத்தொன்றாயிற்று.

ஒட்டினது பதினைந்து நாளில் தானாக உதிர வேண்டும். உதிரவில்லை. சுடர்க்கொடி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து விரலால் பிய்த்துப் பார்த்தாள். சொந்த முடி வந்தது, ஒட்டின முடி வரவில்லை. இமைக்காரி அவள் வீட்டுக்குப் போய், மதுரையில் சொன்ன மாதிரி பசை கரைக்கிற களிம்பைப் பூசி, வேறு ட்வீசரை வேக வைத்துக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாள். இரும்பில் அடித்த ஆணி மாதிரி நின்றது. பெண்ணின் அம்மா ஏசவில்லை. காபி கொடுத்தாள். ஏசியிருந்தால் அந்தக் காபி இமைக்காரிக்குத் தொண்டையில் இறங்கியிருக்கும்.

எடுக்கிற வழி பூரணத்தின் அப்பா செத்த அன்றைக்குத் தெரிந்தது.

பெரியவர் காலையில் போனார். சொந்தமெல்லாம் கூடி மாரடித்தது. பெற்ற மகள் தலைமாட்டில் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஈரம் இல்லை. தூக்கி வளர்த்தாரே, பெண் பிள்ளையைத் தபால்காரி ஆக்கினாரே, ஒரு சொட்டு வருகிறதா பார் என்று சித்திமார்கள் காதுபடச் சொன்னார்கள். பூரணம் எழுந்தாள். விரித்த தலையோடு, வெறுங்காலோடு, போலீஸ் குடியிருப்புக்கு நடந்தாள். அங்கே ஏட்டம்மா அரிசி களைந்த கையோடு, யார் அப்பாவுக்காக என்று தெரிந்தே, விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

பூரணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “மைனி, அது எங்கய்யாவுக்கு உள்ளது. என் அழுகை. எனக்குக் குடுத்துருங்க.”

ஏட்டம்மா இமைக்காரிக்கு ஆள் அனுப்பினாள். அவள் வேக வைத்த ட்வீசரோடு வந்தாள், களிம்பு பூசினாள், ஐந்து நிமிஷம் பொறுத்தாள். முதல் கொத்து ஈரமண்ணிலிருந்து புல் வருகிற மாதிரி வந்தது. கடைசிக் கொத்து வந்ததும் பூரணம் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, தெருமுனை வரைக்கும் கேட்க, ஐயா ஐயா என்று கத்தி அழுதாள்.

ஆகக் கழுவின கருவி வேண்டும், அழுகைக்குச் சொந்தக்காரி வந்து என்னுது என்று சொல்ல வேண்டும். இரண்டு சாமான்தான். பூரணம் தபால் பையோடு வீடு வீடாக இதைச் சொன்னாள். ஊர் அவளைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது. கையை விட்டுப் போன அழுகையை எவளாவது கேட்டு வாங்குவாளா?

இமைக்காரி மறுநாள் ரூபகலாவின் வாசல்படியில் நின்றாள். உள்ளே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத குரலில், இது வரம் இல்லை, நான் ட்வீசரைக் கழுவவில்லை, பன்னீரில் முக்கினேன், அதுதான் நடந்தது, தயவு செய்து யாரும் ஒட்டிக்கொள்ளாதீர்கள் என்றாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி, வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி நில்லு பிள்ளை என்றாள். மற்றவர்கள் தங்கள் முறை போய்விடுமோ என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிரேமகுமாரி சிரித்த முகம் மாறாமல் வெளியே வந்து, நாளையிலிருந்து வராதே என்றாள். பிறகு காதோரம் வந்து ஒன்று சொன்னாள். அன்றைக்கு யாருக்கு அடுத்து யார் படுத்தார்கள் என்று மூச்சு விட்டால் நீ தொழில் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொல்லுவேன், கஸ்டமர் ரகசியம் காப்பதுதானே உங்கள் மதுரைப் பாடம் என்றாள்.

பாடத்தை எப்படிப் பிடித்தாள் பாருங்கள். கழுவச் சொன்ன வரி வேண்டாம், வாயை மூடச் சொன்ன வரி மட்டும் வேண்டும்.

ஆனால் அந்த வரி இமைக்காரிக்கும் மிச்சம் இருந்த ஒரே வரி. மற்றதையெல்லாம் தின்றவள், இதையும் தின்றால் தன்னிடம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் ஆறாவதுக்கு முந்தின ஐந்தாவது யார் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். முக்காட்டோடு பின்வாசல் வழியாக வந்து, ஐம்பத்து மூன்று வயதில் இது ஒரு கேடா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு படுத்து, மகன் கல்யாணத்தில் ஒரு நாள் கண்ணு நல்லா இருக்கட்டும்னு தோணிச்சு, யார்ட்டயும் சொல்லிராதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகவே போனவள் ஆவுடையம்மாள். மாப்பிள்ளையின் தாய்.

இமைக்காரி பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனாள். வீட்டில் ஆவுடையம்மாளும் சொள்ளமுத்துவும் மட்டும். ஆவுடையம்மாள் கல்யாணத்திலிருந்தே தடித்த பிரேம் போட்ட கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கண் கூசுகிறது என்று சொல்லிவைத்திருந்தாள். இமைக்காரியைக் கண்டதும் அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“யார்ட்டயாவது சொன்னியா?”

“இல்லம்மா. சொல்ல மாட்டேன்.”

“பின்ன எதுக்கு வந்தே?”

“உங்களுக்கு அடுத்தாப்ல படுத்தது உங்க மருமக. ட்வீசரை நான் கழுவல. அந்தப் பிள்ளை அழறது உங்க அழுகை.”

ஆவுடையம்மாள் சீறினாள். நான் எதுக்கு அழணும், எனக்கு என்ன குறை, சோற்றுக்கில்லையா, சேலைக்கில்லையா, உன் தப்பை மூடிக்க என் வீட்டு வாசல்தான் கிடைத்ததா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து ஒரு சத்தம். டம்ளரில் கரண்டி இரண்டு தட்டு. டிங், டிங்.

மூன்றரை.

ஆவுடையம்மாள் பாதிப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு போய்ச் சொள்ளமுத்துவின் முன்னால் வைத்துவிட்டு வந்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. பதினோரு வருஷமாக அவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன சண்டை என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. அம்மாட்ட சொல்லு, அம்மாவ எடுத்து வைக்கச் சொல்லு என்று மகன் வழியாகத்தான். மகன் இல்லாத வேளைக்கு டம்ளர். கல்யாணத்தன்று போட்டோவுக்கு நிற்கும்போதும், அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு என்றுதான் மகனிடம் முணுமுணுத்தார்.

அடுப்படிக்குத் திரும்பி வந்தவளின் நெஞ்சு ஏறி இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. நீளமான அழகான இமை. கீழே காய்ந்த கண். பதினெட்டு மைல் தள்ளி அந்நேரம் ஒரு பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

“நான் யார்ட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்” என்றாள் இமைக்காரி. “நீங்க சொன்னாத்தான் அது வரும்.”

“போயிரு பிள்ளே” என்றாள் ஆவுடையம்மாள்.

ஆனி கடைசி நாள் வந்தது. பெண் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்தார்கள். வைரவன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். சுடர்க்கொடி அறை வாசலில் நின்றாள். இரண்டு நாளைக்கு முன்னாடியே இமைக்காரி வந்து, புதுக் களிம்பை அவள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. யார் வரப்போகிறார்கள் என்று கேட்டதற்கு, தெரியல, ஆனா ஆயத்தமா இருக்கணும்லா என்றாள். இன்றைக்கு எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பூரணம் பக்கத்தில் இருந்தாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பேச்சைத் தொடங்கினார். கண்ணீர் மாறுது, கண்ணீர் மாறுதுன்னு சொல்லுதீங்க, சரி, அப்ப இது யார் கண்ணீர், பேரைச் சொல்லுங்க என்றார். எல்லோரும் இமைக்காரியைப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா கும்பிட்டார். அம்மா காலில் விழப்போனாள், பூரணம் பிடித்துக்கொண்டாள்.

“சொல்ல மாட்டேன்” என்றாள் இமைக்காரி. “கழுவாதது நான். அதை இங்க மட்டுமில்ல, பஸ் ஸ்டாண்டுல நின்னு கூடச் சொல்லுதேன். படுத்தவங்க பேரைச் சொல்ல மாட்டேன்.”

அவ்வளவு பேரும் அவளை ஏசினார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே விஷயம் அதுதான். திமிர் பிடித்தவள், குடி கெடுத்தவள், வாயில் கொழுக்கட்டையா என்றார்கள். சுடர்க்கொடி மட்டும் ஏசவில்லை. அந்தப் பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வைதான் இமைக்காரியை அறுத்தது.

டீ வந்தது. சொள்ளமுத்துவுக்குச் சீனி பற்றவில்லை. பழக்கதோஷம், டம்ளரில் இரண்டு தட்டு தட்டினார்.

அறை வாசலில் சுடர்க்கொடியின் கண் உடைந்தது.

கூடம் மொத்தமும் டம்ளரைப் பார்த்தது, பிறகு பெண்ணைப் பார்த்தது. சொள்ளமுத்து மறுபடியும் தட்டினார், சீனி இன்னும் வரவில்லையே. பெண்ணின் கண்ணில் இன்னும் கொட்டியது. ஆவுடையம்மாள் பாதி எழுந்தாள், சீனி எடுக்கப் போகிறவள் மாதிரி. எழுந்தவள் அந்தப் பக்கம் போகவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பாயில் வைத்தாள். ஐம்பத்து மூன்று வயது முகத்தில் அந்த இமையைப் பார்த்து யாரோ ஒரு பயல் சிரித்தான். வைரவன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

“அது என் அழுகை” என்றாள் ஆவுடையம்மாள். “அந்தப் பிள்ளைக்குச் சொந்தமில்ல. எனக்குக் குடுத்துருங்க.”

தாய்மாமன் பதறிப்போய், சட்டுனு எடும்மா, எடுத்துவிடு என்று இமைக்காரியை விரட்டினார். அவள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்தது காலையிலேயே வேக வைத்த ட்வீசர்தான். ஆனால் ஏச்சு நடந்த தள்ளுமுள்ளில் டப்பா கைமாறி, மூடி ஒரு நிமிஷம் திறந்து கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய், இனிமேல் சோற்றுக்குப் புழங்காத ஒரு சட்டி வேணும் என்று கேட்டு வாங்கித் தண்ணீர் வைத்தாள்.

“இருபது நிமிஷம்” என்றாள்.

இரண்டு குடும்பத்துப் பெரிய மனிதர்களும், அறுக்க வந்தவர்களும் ஒட்ட வந்தவர்களும், ஒரு சட்டித் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தாய்மாமன் இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டினார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் அசையவில்லை. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள், விரலிடுக்கெல்லாம் கழுவினாள், வெளுத்த துணியில் துடைத்தாள். சுடர்க்கொடியைப் படுக்க வைத்து, கண்ணில் எரிச்சல் உண்டா, மருந்து எதுவும் விடுகிறாயா என்று கேட்டாள். வைகாசியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எரிச்சல் இல்லைக்கா என்றது அந்தப் பிள்ளை. புது பிரஷ்ஷை உறை கிழித்து எடுத்தாள், களிம்பு பூசினாள், பொறுத்தாள். வலக்கண்ணில் ஒன்பது கொத்து, இடக்கண்ணில் எட்டு. ஒவ்வொன்றும் இழுக்காமலே வந்தது.

கடைசிக் கொத்து வந்ததும் ஆவுடையம்மாள் அழுதாள். சத்தம் இல்லை. பதினோரு வருஷம் முழுவதும் வரிசையில் நின்று வந்தது. சொள்ளமுத்துவுக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகனைப் பார்த்து, அம்மாவ அழ வேண்டாம்னு சொல்லு என்றார்.

“அம்மா இங்கனதான் இருக்காங்க” என்றான் வைரவன். “நீங்களே சொல்லுங்க.”

சொன்னாரா என்று கேட்டால், அன்றைக்குச் சொல்லவில்லை. டம்ளரைத் தொடவும் இல்லை.

சுடர்க்கொடி எழுந்து வந்து மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காய்ந்த கண்ணோடு, ஒரு மாசத்துக்குப் பிறகு தன் முகத்தைத் தானே ஆண்டுகொண்டு உட்கார்ந்தாள். அத்தை, உங்களுக்கு எடுக்க வேண்டாமா என்று கேட்டாள். ஆவுடையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, எனக்கு முந்தினவ யாரோ, அவ வந்து கேக்கட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும், நல்லாத்தானே இருக்கு என்றாள். கூடம் சிரித்தது. ஆடி பிறந்து, பெண் அம்மா வீட்டிலேயே இருந்து, ஆவணி முதல் தேதி வைரவன் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

ஊர் திருந்தியதா? பாதி. பூரணம் தபால் பையோடு மறுபடி வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை கதவு திறந்தது. நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் வந்து, என்னுது என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மிச்சப் பேரின் அழுகை இன்னும் வேறு யார் கண்ணிலோ கொட்டிக்கொண்டிருக்கிறது. அது அவரவர் பாடு. ரூபகலா பன்னீர் ஜாடியை ஒளித்து வைத்து, எப்போதும் ஸ்பிரிட்தான் என்று போர்டு வைத்தது. புரட்டாசியில் மேல ரத வீதி முனையில் ஒரு பெரிய பிளெக்ஸ் நின்றது. மருமகளைக் காத்த அம்மனுக்கு நன்றி, வழிநடத்திய பிரேமகுமாரி அவர்களுக்கு நன்றி, பேசி முடித்த தாய்மாமனுக்கு நன்றி, ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி என்று பதினாலு பெயரும் பதினாலு போட்டோவும். தண்ணீர் கொதிக்க வைத்தவளுக்கு அதில் இடம் இல்லை.

ஆனி கடைசி நாள், கூடம் கலைகிற நேரத்தில், அவள் ட்வீசரை மறுபடியும் கழுவித் துடைத்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, ஆவுடையம்மாள் பக்கத்தில் வந்து நின்று, கண்ணும் மூக்கும் சிவந்து, இத்தனை நாளில் அந்த ஊரில் ஒருத்தரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“உன் பேர் என்னட்டி?”

பேராச்சி.